தீயணைப்பு வண்டி கட்டும் முறை: எடைக் கணக்கிலிருந்து பம்ப் சோதனை வரை

முன் டயர் சீக்கிரம் தேய்கிறது, தொட்டியின் மூலையில் வெல்டிங் விரிகிறது, வளைவில் வண்டி சாய்கிறது, லாக்கர் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்கிறது. இப்படிப் புகார் வரும் தீயணைப்பு வண்டிகளில் என்ஜினோ பம்போ காரணமாக இருப்பது அபூர்வம். எடை தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும். அல்லது முறுக்கிக்கொள்ளும் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் முறுக்கவே முடியாத பெட்டியைப் பிடித்து இறுக்கியிருப்பார்கள். இரண்டுமே காகிதத்திலேயே தவிர்க்கக் கூடியவை.

சரக்கு லாரி பாதி நாள் காலியாக ஓடும். தீயணைப்பு வண்டி அப்படியில்லை. நிலையத்தில் சும்மா நிற்கும்போதும் முழுச் சுமையோடுதான் நிற்கிறது. அதன் வில்லுக்கும் (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்) டயருக்கும் ஓய்வே கிடையாது. அதனால் லாரிக்குப் போதும் என்று விடுகிற தாங்குதிறன் மிச்சம் இதற்குப் போதாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 16 டன் சேசிஸ், நான்கு சக்கரத்தில் பின் இரண்டு மட்டும் இயங்குவது, அச்சு இடைவெளி 4200 மி.மீ. 4000 லிட்டர் தண்ணீர், 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2000 லிட்டர் தரும் பின்பக்கப் பம்ப், ஆறு பேர் கேபின். முன் அச்சின் அனுமதி 6000 கிலோ, பின் அச்சுக்கு 10,500.

முதல் வேலை எடைப் பட்டியல்

படம் வரைவதற்கு முன் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: எடை, முன் அச்சிலிருந்து அதன் மையம் வரை தூரம். எடையைத் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அச்சு இடைவெளியால் வகுத்தால் பின் அச்சில் கூடும் சுமை வரும். அதோடு சேசிஸின் சொந்தப் பின் அச்சுச் சுமையைச் சேர்த்து, மொத்த எடையில் கழித்தால் மீதி முன் அச்சுக்கு.

சேசிஸும் கேபினும்: 4900 கிலோ (முன்னால் 3200, பின்னால் 1700)
கேபின் நீட்டிப்பு: 450 கிலோ, 900 மி.மீ.
ஆறு பேர், உடையும் கருவியும் சேர்த்து ஆளுக்கு 110 கிலோ: 660 கிலோ, சராசரியாக 600 மி.மீ.
தொட்டியும் தண்ணீரும்: 4350 கிலோ, 2600 மி.மீ.
ஃபோம் (தீயணைப்பு நுரை) தொட்டி: 230 கிலோ, 3300 மி.மீ.
பாடி: 1300 கிலோ, 3500 மி.மீ.
கருவிகள்: 1200 கிலோ, 3400 மி.மீ.
பம்பும் குழாய்களும்: 450 கிலோ, 5400 மி.மீ.
ஏணி: 120 கிலோ, 3600 மி.மீ.

மொத்தம் 13,660 கிலோ. 16 டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் பாக்கி இருக்கிறது, கவலையில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் அச்சில் 7500, முன் அச்சில் 6160. முன் அச்சு 160 கிலோ மிஞ்சிவிட்டது. மொத்த எடையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஆறு பேர் கேபின் என்றாலே முன் அச்சுதான் முதலில் நிரம்பும்.

இதற்கு மருந்து தொட்டியைப் பின்னால் தள்ளுவது. 350 மி.மீ. தள்ளினால் 4350 × 350 ÷ 4200, அதாவது சுமார் 362 கிலோ பின்னால் போகும். இப்போது முன்னால் 5798, பின்னால் 7862. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் கனமான எதையும் வைக்காதீர்கள். வைத்தால் தள்ளிய பலன் போய்விடும்.

முன் அச்சில் மிச்சம் 202 கிலோ, 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இதற்குக் கீழே போக வேண்டாம். பெயின்ட், ஒயர், பிராக்கெட், போல்ட் எல்லாம் சேரச் சேர எடை கூடத்தான் செய்யும். வண்டியை வாங்கும் துறை பிறகு தன் பங்குக்கு இரண்டு கருவிகள் சேர்க்கும். தொட்டி காலியான நிலைக்கும் ஒருமுறை கணக்குப் போடுங்கள்: முன்னால் 4608, பின்னால் 5052. ஸ்டியரிங் அச்சில் போதிய சுமை இருக்கிறது.

தாளில் உள்ள சேசிஸ் எடையை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. சேசிஸ் பட்டறைக்கு வந்த அன்றே டீசல், ஸ்டெப்னி இருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, அச்சு வாரியாக எடை போட்டு, அந்த எண்ணைப் பட்டியலில் ஏற்றுங்கள். இடம் வலம் கணக்கும் தனியாக வேண்டும். ஓர் அச்சின் இரு பக்கச் சுமைகளுக்கு இடையே 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) 1901 என்ற தீயணைப்பு வண்டித் தரத்தின் விதி. ஜெனரேட்டரும் ஹைட்ராலிக் கருவிகளும் ஒரே பக்கம் குவிந்தால் இதைத் தாண்டுவது சுலபம்.

அடுத்தது உயரம். பின் சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்குத் தூரம் 1.9 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் என்றால், வண்டி கவிழும் கோணம் ஏட்டுக் கணக்கில் 34 டிகிரி. மையம் 1.5 மீட்டரானால் 32. ஒவ்வொரு 100 மி.மீ. உயரத்துக்கும் சுமார் 2 டிகிரி போகிறது. நடைமுறையில் வில்லும் டயரும் ஒரு பக்கம் அமுங்குவதால் இதிலும் சில டிகிரி குறையும். சாய்தளத்தில் இரு பக்கமும் 26.5 டிகிரி வரை நிற்க வேண்டும் என்று 1901 கேட்கிறது. கூரையில் வைக்கும் ஒவ்வொரு பெட்டியும் இந்தக் கோணத்திலிருந்துதான் கழிகிறது.

சேசிஸ் முறுக்கும், முறுக்க விடுங்கள்

லாரி சேசிஸ் ஏணி வடிவம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது முறுக்கிக்கொடுத்து மற்ற மூன்றையும் தரையில் வைத்திருப்பது அதன் இயல்பு. அதன் மேல் வரும் தொட்டியும் பாடியும் மூடிய பெட்டிகள். அவற்றுக்கு முறுக்கத் தெரியாது. இரண்டையும் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் பலம் குறைந்தது முதலில் விரியும். பெரும்பாலும் அது தொட்டியின் முன்பக்கக் கீழ் மூலை வெல்டிங்.

சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் சப்ஃப்ரேம் (துணைச் சட்டம்) வையுங்கள். பின் அச்சின் வில் தாங்கிகளை ஒட்டி இரண்டு இடத்தில் தகடு வைத்து இறுக்கமாகப் பிடிக்கலாம். முன்னால், கேபினுக்குப் பின்புறம், பிடிப்பு இளக வேண்டும்: ஸ்பிரிங் வைத்த போல்ட், அல்லது நடுவில் ஒரே ஊசலாடும் பிடிப்பு. மூன்று புள்ளிப் பிடிப்பு என்பது இதுதான். கரடுமுரடான பாதையில் ஓட வேண்டிய வண்டி என்றால் மூன்று புள்ளியைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சப்ஃப்ரேமின் முன் முனையைச் சரிவாகச் சீவி மெலிய விடுங்கள். மொட்டையாக நறுக்கிவிட்டால் அந்த இடத்தில் சேசிஸ் பட்டையில் அழுத்தம் குவிந்து விரிசல் விடும்.

சேசிஸ் பட்டையின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. பக்கவாட்டுத் தகட்டில் மட்டும், சேசிஸ் தயாரிப்பாளரின் பாடி கட்டும் கையேடு சொல்லும் இடத்தில், டிரில் கொண்டு போட வேண்டும். கேஸ் கட்டிங் கூடவே கூடாது. யூ போல்ட் போட்டால் பட்டைக்குள் எஃகு முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது விளிம்பு மடங்கும். பாடியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியையும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் இணைப்பையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தொட்டி

பொருள் எதுவானாலும் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு. சாதா எஃகு மலிவு, எங்கும் பழுது பார்க்கலாம், ஆனால் உள்பூச்சு விட்ட இடத்தில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகு நீடிக்கும். ஆனால் குளோரின் கலந்த தண்ணீர் வெல்டிங் இடுக்குகளில் தேங்கினால் அங்கே குழி விழும். பாலிப்ரொப்பிலீன் துருவே பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் அதைச் சூடாக்கி ஒட்டத் தெரிந்த கை வேண்டும், அடியில் முழுப் பரப்புக்கும் தாங்கல் வேண்டும். ஃபோம் கரைசல் தொட்டிக்குக் கால்வனைஸ் தகடு ஆகாது. கரைசல் துத்தநாகத்தைத் தின்னும்.

உள்ளே நீளவாக்கிலும் குறுக்கிலும் தடுப்புத் தகடுகள் வேண்டும். இரண்டு தடுப்புக்கு இடையே 1220 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நிரம்பிய தொட்டியை விடப் பாதித் தொட்டிதான் ஆபத்து. தீயணைத்துத் திரும்பும்போது வளைவில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தடுப்பின் மேலும் கீழும் காற்றும் தண்ணீரும் போகத் திறப்பு விடுங்கள். ஆள் நுழையும் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். வைத்தால் தண்ணீருக்கு ராஜபாட்டை கிடைத்துவிடும்.

தொட்டி நிரம்பினால் மிச்சத் தண்ணீரை வெளியே விடும் வழிவுக் குழாயின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பம்ப் தண்ணீரை இழுக்கும்போது உள்ளே வர வேண்டிய காற்றுக்கு 50 மி.மீ. குழாய் போதும். ஆனால் ஹைட்ரன்ட்டிலிருந்து (தெருவோரத் தீயணைப்புக் குழாய் வாய்) நிமிடத்துக்கு 1500 லிட்டர் ஏறிக்கொண்டிருக்க, தொட்டி நிரம்பியதை யாரும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தண்ணீரும் அதே 50 மி.மீ. வழியே வெளியேற விநாடிக்கு 12.7 மீட்டர் வேகம் வேண்டும். அதற்குத் தொட்டிக்குள் சுமார் 0.8 பார் அழுத்தம் எழும். 3 சதுர மீட்டர் மேல்தகட்டில் அது 24 டன் விசை. தகடு உப்பும், தடுப்புகளின் வெல்டிங் கிழியும். 100 மி.மீ. குழாய் போட்டால் வேகம் 3.2 மீட்டராக இறங்கும், அரை மீட்டர் நீர் உயரத்துக்குச் சற்று மேல் அழுத்தம் போதும். வழியும் தண்ணீர் பின் அச்சுக்குப் பின்னால் விழட்டும். முன்னால் விழுந்தால் ஓடும் வண்டி தன் பின் டயருக்குத் தானே தண்ணீர் ஊற்றும்.

பம்பும் அதை ஓட்டும் தண்டும்

நிமிடத்துக்கு 2000 லிட்டர், 10 பார். தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி 33.3 கிலோவாட். பம்பின் திறன் 63 சதவீதம் என்றால் தண்டில் 53 கிலோவாட் கொடுக்க வேண்டும். என்ஜினுக்கு இது பெரிய சுமையில்லை. பி.டி.ஓ.வுக்கு (என்ஜின் சக்தியைப் பிரித்துப் பம்புக்குக் கொடுக்கும் அமைப்பு) இது பெரியது. பம்ப் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓட வேண்டும், பி.டி.ஓ. விகிதம் 1.5 என்றால் என்ஜின் 1800 சுற்றில் நிற்கும். பி.டி.ஓ. வெளித்தண்டில் முறுக்குவிசை 9550 × 53 ÷ 2700, அதாவது 187 நியூட்டன் மீட்டர். பி.டி.ஓ. பட்டியலில் போட்டிருக்கும் எண் விட்டுவிட்டு ஓட்டுவதற்கா, தொடர்ந்து ஓட்டுவதற்கா என்று பாருங்கள். டிப்பர் லாரியின் பி.டி.ஓ. ஒரு நிமிடம் வேலை செய்து ஓய்வெடுக்கும். தீயணைப்புப் பம்ப் மணிக்கணக்கில் ஓடும். தொடர் ஓட்ட மதிப்பு பெரும்பாலும் குறைவு, அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பி.டி.ஓ.வையும் பம்பையும் இணைக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனை யூ-ஜாயின்ட்டுகளும் (மடங்கிச் சுழலும் இணைப்புகள்) ஒரே கோணத்தில், அவற்றின் நுகங்கள் (கவை போன்ற முனைகள்) ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கோணம் 7 டிகிரியைத் தாண்ட வேண்டாம். முழுப் பூஜ்யமும் வேண்டாம், 1 டிகிரியாவது இருந்தால்தான் ஊசி பேரிங் சுழன்று கிரீஸ் பரவும். கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். வெளியே மெல்லிய அதிர்வாகத்தான் தெரியும். சில மாதத்தில் பம்பின் மெக்கானிக்கல் சீல் ஒழுகத் தொடங்கும். சீலை மட்டும் மாற்றினால் மறுபடி ஒழுகும். அதனால் மாட்டியதும் இரு பக்கமும் பெயின்ட்டால் நேர்க்கோட்டு அடையாளம் போட்டு வையுங்கள்.

எல்லா டெலிவரியையும் (தண்ணீர் வெளியேறும் வாய்கள்) மூடிவிட்டு பம்ப் சுற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் சூடாகும். 20 லிட்டர் தண்ணீரில் 15 கிலோவாட் இறங்கினால் நிமிடத்துக்கு 10 டிகிரிக்கு மேல் ஏறும். ஆறு நிமிடத்தில் கை வைக்க முடியாது. எனவே வெப்பத்தில் தானே திறக்கும் வால்வு கட்டாயம். என்ஜினுக்கும் இதே தொல்லை உண்டு. நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. பம்ப் தண்ணீரைக் கொண்டு ரேடியேட்டர் நீரைக் குளிர்விக்கும் வெப்பமாற்றி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 2000 லிட்டர் ஓட்டத்துக்கு 100 மி.மீ. குழாயில் நீர் வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர், 125 மி.மீ.யில் 2.7, 150 மி.மீ.யில் 1.9. எங்கள் தேர்வு 125 அல்லது அதற்கு மேல். குறுகலான குழாயில் பம்ப் முழு ஓட்டத்தில் கேவிடேஷனுக்கு (நீரில் ஆவிக் குமிழ்கள் தோன்றி உடையும் நிலை) போகும். சரளைக் கல் உருள்வதுபோல் சத்தம் வரும், இம்பெல்லர் (பம்பின் சுழல் சக்கரம்) அரிக்கும். தொட்டி வாயின் மேல் சுழல் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் கடைசி சில நூறு லிட்டர் தொட்டியிலேயே தங்கிவிடும், காற்றை உறிஞ்சி பம்ப் பிடிப்பை விடும். இந்தக் குழாயில் ஒருவழி வால்வும் வேண்டும். ஹைட்ரன்ட் அழுத்தம் பம்ப் வழியாகத் தொட்டிக்குள் திரும்பினால் மேலே சொன்ன 24 டன் கதைதான். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே நெகிழும் இணைப்பு வையுங்கள், இரண்டும் தனித்தனியாக அசைபவை.

லாக்கர், கேபின், மின்சாரம்

கனமானவை கீழே, அடிக்கடி எடுப்பவை இடுப்பு உயரத்தில், எடை குறைந்தவை மேலே. வெட்டும், விரிக்கும் ஹைட்ராலிக் கருவிகள் ஒவ்வொன்றும் 20 கிலோ அளவில் இருக்கும். தோளுக்கு மேல் வைத்தால் அவசரத்தில் தலையில்தான் விழும். தட்டு முழுக்க வெளியே இழுத்த நிலையிலும் தாங்குகிறதா என்று உண்மைச் சுமையோடு பாருங்கள். அலுமினியப் பாடியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் இடமெல்லாம் நைலான் வாஷரோ காப்பு நாடாவோ வேண்டும். ஈரம் பட்டால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அலுமினியம்தான் அரித்து வெண்பொடியாகும்.

கேபினை நீட்டினால் அதன் பலத்தை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, ஐ.நா. ஆர்29 ஒழுங்குவிதி இதற்கான சோதனைகளைச் சொல்கிறது. சுவாசக் கருவியை இருக்கைக்குப் பின்னால் வைத்தால், அதைப் பிடிக்கும் தாங்கி எடையின் 9 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். துணிப்பட்டை போட்டுக் கட்டி வைப்பது கட்டாததற்குச் சமம்.

மின்சுமையைக் கூட்டும்போது ஆல்டர்னேட்டர் என்ஜின் சூடான ஐட்லிங்கில் எவ்வளவு தரும் என்பதோடு ஒப்பிடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள எண் அதிக சுற்றில் எடுத்தது. ஒயர் கனத்தை வெப்பத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. 24 வோல்ட் வண்டியில் 8 மீட்டர் தள்ளியுள்ள விளக்குக்கு 20 ஆம்பியர் போகிறது, திரும்பும் ஒயரும் சேர்த்து 16 மீட்டர். 2.5 சதுர மி.மீ. தாமிரத்தில் 2.2 வோல்ட் வழியிலேயே போகும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.9 வோல்ட். சேசிஸின் தகவல் ஒயர்களில் ஒட்டு வெட்டிச் சேர்க்காதீர்கள். பாடி கட்டுபவருக்கென்று தயாரிப்பாளர் விட்டிருக்கும் இணைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சோதனை

முதலில் முறுக்குச் சோதனை, பெயின்ட்டுக்கு முன்பே. முழுச் சுமையோடு வலது முன் சக்கரத்தையும் இடது பின் சக்கரத்தையும் 200 மி.மீ. கட்டையில் ஏற்றி, எல்லா ஷட்டரையும் கதவையும் திறந்து மூடுங்கள். பிறகு எதிர் மூலைகள். சிக்கும் ஷட்டரைச் சீவிச் சரிசெய்வதில் பயனில்லை. முன் பிடிப்பு இளகவில்லை என்பதுதான் அதன் பொருள், அங்கே போங்கள்.

அடுத்து நான்கு சக்கரத்திலும் தனித்தனியாக எடை. பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து ஓர் அச்சு 100 கிலோவுக்கு மேல் விலகினால், காரணம் தெரியும் வரை வண்டியை அனுப்பாதீர்கள்.

பம்புக்கு முதலில் வெற்றிடச் சோதனை: எல்லா வாயையும் மூடி பிரைமரால் (பம்பிலிருந்து காற்றை உறிஞ்சும் கருவி) 22 அங்குலப் பாதரச அளவுக்கு, அதாவது சுமார் 0.75 பார், வெற்றிடம் ஏற்றி நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சக்‌ஷன் மூடிகளின் ரப்பர், வடிகால் குழாய்கள், அளவிக் குழாய் இணைப்புகள் என்ற வரிசையில் தேடுங்கள். பிறகு 3 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சி ஓட்டம். 1901 முறையில் இது மூன்று மணி நேரம்: முழுக் கொள்ளளவை 10.3 பாரில் 2 மணி, 70 சதவீதத்தை 13.8 பாரில் அரை மணி, 50 சதவீதத்தை 17.2 பாரில் அரை மணி. (அந்தத் தரம் இப்போது என்எஃப்பிஏ 1900 தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய இஎன் 1028 வழியில் நம் எடுத்துக்காட்டுப் பம்ப் 10-2000 வகை.) இந்த நேரத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய், பி.டி.ஓ. உறை, என்ஜின் நீர் மூன்றின் வெப்பத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். ஒன்றரை மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் எண் இருந்தால் அந்தப் பாகத்துக்கு இந்த வேலை தாங்காது.

ஒப்படைத்த பிறகு முதல் 1000 கிலோமீட்டரில் சப்ஃப்ரேம் போல்ட் எல்லாவற்றையும் முறுக்குவிசைச் சாவியால் மறுபடி இறுக்க வேண்டும். அந்த மதிப்பையும் ஸ்பிரிங் போல்ட்டுகளின் அமுக்க அளவையும் தகட்டில் பொறித்து, பம்ப் அறைக் கதவின் உள்பக்கம் ரிவெட் அடித்துக் கொடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டை யாராவது முழுக்க இறுக்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.